பக்கவாதம்: பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியவை

பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நுரை ஒரு கடைவாயில் மட்டும் வழிகிறது. கையிலிருந்த பிரஷ் நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கிறார், மறுபடியும் நழுவுகிறது. வலி எதுவும் இல்லை. “கை மரத்துப்போச்சு போல, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கிறார். வீட்டில் இருப்பவர்களும் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்ட பலருக்கு முதல் அரை மணி நேரம் இப்படித்தான் வீணாகிறது.

நெஞ்சில் வலி வந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. பக்கவாதத்தில் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்புகள் கிடையாது என்பதால் அடைப்பால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் வலியில்லாமலே வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஏதோ தவறாகிவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டிய உறுப்பே அடிபட்டுக் கிடக்கிறது. வலது பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குத் தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. “கையைத் தூக்குங்க” என்றால் “தூக்கித்தானே இருக்கேன்” என்பார்கள், கை மடியில் கிடக்கும். ஆகவே நோயாளி சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்டுபிடிக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர். இந்தக் கட்டுரை முழுக்க அவருக்காகத்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது

உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் அதனிடம் இல்லை. ரத்தம் நின்றால் சில நொடிகளில் வேலை நிற்கும், சில நிமிடங்களில் ரத்தம் போகாத இடத்தின் நடுப்பகுதி சாகத் தொடங்கும்.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. இதயத்திலோ கழுத்துத் தமனியிலோ உண்டான ரத்தக்கட்டி பெயர்ந்து வந்து மூளைக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அல்லது பல வருட உயர் ரத்த அழுத்தத்தால் தடித்துப்போன சிறு குழாய் அங்கேயே அடைபடும். மற்றவை ரத்தக் கசிவால் வருபவை. மூளைக்குள்ளே குழாய் வெடிக்கும், அல்லது மூளையின் மேற்பரப்பில் பலூன் போலப் புடைத்திருந்த குழாய் கிழியும். வெளியிலிருந்து பார்த்து இது அடைப்பா கசிவா என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். பின்னால் வரும் ‘செய்யக் கூடாதவை’ பலவற்றுக்கும் இதுதான் காரணம், நினைவில் வையுங்கள்.

அடைபட்ட குழாய் ரத்தம் கொடுத்துவந்த மூளைப்பகுதியின் நடுவிடம் செத்தாலும் அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். பக்கத்துக் குழாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் ரத்தத்தில் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே வேலை நின்றிருக்கும், உயிர் போயிருக்காது. அவசர சிகிச்சை எல்லாமே இந்த வளையத்தைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ‘உடனே’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறோம்.

முகம், கை, பேச்சு: ஒரு நிமிடச் சோதனை

மூன்றையும் வரிசையாகச் செய்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகும். எந்தக் கருவியும் வேண்டாம். எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் முகம். “சிரிங்க” என்று சொன்னால் பயத்தில் இருப்பவர் லேசாக உதட்டை அசைத்துவிட்டு நிறுத்திவிடுவார், எதுவும் தெரியாது. பல் முழுவதும் தெரியும்படி ‘ஈ’ என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு கடைவாயும் ஒரே உயரத்துக்கு ஏறுகின்றனவா? மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்கும் மடிப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா? பாதிக்கப்பட்ட பக்கத்தில் அந்த மடிப்பு இஸ்திரி போட்டதுபோல மழுங்கிவிடும். வாய் நல்ல பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கோணிப்போன பக்கம்தான் நோயுற்ற பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அசையாத பக்கமே பாதிக்கப்பட்டது.

முகநரம்பு மட்டும் வீங்கி வரும் முகவாதத்திலும் வாய் கோணும். அதில் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. மூளையில் வரும் பாதிப்பில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே ‘இது சாதாரண முகவாதம்தான்’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். விதிவிலக்குகள் இருக்கின்றன. அந்த வேலையை மருத்துவருக்கு விடுங்கள்.

அடுத்தது கை. இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் நேராக முன்னால் நீட்டி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். நிதானமாகப் 10 வரை எண்ணுங்கள். ஒரு கை தொப்பென்று விழுந்தால் யாருக்கும் தெரியும். கவனமாகப் பார்க்க வேண்டியது லேசான பலவீனத்தை. நாலைந்து எண்ணுவதற்குள் ஒரு உள்ளங்கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பும், தண்ணீரைக் கவிழ்ப்பதுபோல. பிறகு முழங்கை கொஞ்சம் மடங்கும். கை நாலு விரற்கடை கீழே இறங்கும். அவருக்கோ கை அசையாமல் இருப்பதாகவே தோன்றும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் பார்வையால் சரிசெய்துகொண்டே இருப்பார், இறக்கம் தெரியாது. அதனால்தான் கண்ணை மூடச் சொல்வது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. “என் கையை அழுத்திப் பிடி” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே பிடிக்கிறார்” என்று நிம்மதியடைவது. பிடி சரியாக இருக்கும்போதே தோள்பட்டை பலம் குறைந்திருக்கலாம். ஒரு கையை மட்டும் தூக்கச் சொன்னால் நல்ல கையைத் தூக்கிக் காட்டிவிடுவார். இரண்டும் சேர்ந்து, கண் மூடி, பத்து எண்ணிக்கை. படுத்திருப்பவரின் காலையும் இதேபோலப் பார்க்கலாம்: ஒவ்வொரு காலாக, முட்டியை மடக்காமல், படுக்கையிலிருந்து ஒரு முழம்போலத் தூக்கி 5 எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது பேச்சு. இதில் இரண்டு விதமான கோளாறு வரும், இரண்டும் வேறு வேறு. ஒன்று, வாய் குழறுவது. சொல்ல நினைப்பது சரியாக இருக்கும், நாக்கு ஒத்துழைக்காது. “ஏழு மணிக்குப் பெரிய மழை பெய்தது” என்பதுபோல, நாக்கு நுனிக்கு வேலை தரும் வாக்கியம் ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் ழகரத்தைச் சுத்தமாகச் சொல்வதில்லை. அவர் நேற்றுவரை எப்படிப் பேசினாரோ அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று மொழியே தொலைந்துபோவது. சாவியைக் காட்டினால் பெயர் வராது, அல்லது வேறு ஏதோ பெயர் வரும். சிலர் தங்குதடையில்லாமல் பேசுவார்கள், ஆனால் ஒரு வார்த்தைக்கும் பொருள் இருக்காது. நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. இதைப் பார்த்துவிட்டு ‘குடித்திருக்கிறார்’, ‘மனம் குழம்பிவிட்டது’, ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சோதிக்க ஒரு வழி: கையால் எந்தச் சைகையும் காட்டாமல், வாயால் மட்டும், “கண்ணை மூடுங்க, அப்புறம் இடது கையைத் தூக்குங்க” என்று சொல்லுங்கள். கையசைத்துச் சொன்னால் பார்த்துச் செய்துவிடுவார், புரிந்துதான் செய்தார் என்று நினைத்துவிடுவோம். பேனா, கடிகாரம் இரண்டையும் காட்டிப் பெயர் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது மூளையில் இருப்பதால், வலது கை பலவீனமும் பேச்சுக் கோளாறும் ஒன்றாக வருவது வழக்கம்.

மூன்றும் இருக்க வேண்டியதில்லை. திடீரென்று வந்தது, நேற்று இல்லாதது, ஏதாவது ஒன்று: அவ்வளவு போதும், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இந்தச் சோதனையில் சிக்காதவை

மூளையின் பின்பக்கத்துக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டால் முகம், கை, பேச்சு மூன்றும் சரியாக இருந்துவிடலாம். திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். பித்தம், காது, அஜீரணம் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலிலும் நிலை தடுமாறும்தான், ஆனால் பெரும்பாலும் எதையாவது பிடித்துக்கொண்டு நடந்துவிட முடியும். பிடிமானம் இல்லாமல் கட்டில் ஓரத்தில் நேராக உட்காரவே முடியாமல் சாய்கிறார் என்றால் சிறுமூளையைச் சந்தேகியுங்கள். விழுந்துவிடாமல் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு இதைப் பாருங்கள். தலைசுற்றலோடு பொருள்கள் இரட்டையாகத் தெரிவது, விழுங்க முடியாமை, குரல் மாறுவது, முகத்தில் மரமரப்பு ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது.

கண்ணும் சொல்லும். திரை இறங்கியதுபோல ஒரு கண் சில நிமிடம் இருண்டு திரும்புவது, கழுத்துத் தமனியிலிருந்து துகள் பெயர்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். பார்வையின் ஒரு பாதி முழுக்கத் தொலைவதும் உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு பக்கமாகவே கதவில் இடிப்பார், ஒரு பக்கத்துப் பொருளையே தட்டிவிடுவார். உங்கள் மூக்கையே பார்க்கும்படி அவரிடம் சொல்லி, உங்கள் இரண்டு கைகளையும் அவர் பார்வையின் இரு ஓரத்திலும் வைத்து, எந்த விரல் அசைகிறது என்று கேளுங்கள்.

தலைவலி தனி வகை. அடைப்பில் அது பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பின்மண்டையில் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோன்ற, வாழ்நாளில் கண்டிராத தலைவலி என்றால் மூளையின் மேற்பரப்பில் குழாய் கிழிந்திருக்கலாம். கழுத்து விறைப்பதும் நினைவு தப்புவதும் சில சமயம் கூடவே வரும். அந்தத் தலைவலி மாத்திரையில் குறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்களுக்கும் மூளையின் சிரைகளில் ரத்தம் உறையக்கூடும். அவர்களின் புதிய கடுமையான தலைவலியையும், பார்வை மங்கலையும், வலிப்பையும் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

பக்கவாதம் போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. முக்கியமானது சர்க்கரை குறைவது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், ஆம்புலன்ஸை அழைத்த பிறகு குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பாருங்கள், அளவைக் குறித்து வைத்து வருபவர்களிடம் சொல்லுங்கள். அழைப்பதற்கு முன்னால் இதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியதால் வரும் மரமரப்பு, உதறினால் சுறுசுறுவென்று ஊசி குத்துவதுபோல வந்து சில நிமிடத்தில் போய்விடும். பக்கவாதத்தில் இப்படி ஊசி குத்தும் உணர்வைவிட ‘இல்லாமை’தான் அதிகம்: பலம் இல்லை, உணர்வு இல்லை, பார்வை இல்லை, சொல் இல்லை. ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறிகள் பல நிமிடங்களில் மெல்லப் பரவும். பக்கவாதம் ஒரே அடியாக விழும். சந்தேகம் வந்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது இல்லை என்று திரும்பி வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி

மருத்துவமனையில் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்போவது, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்பதுதான். ‘இப்படி ஆனதை எப்போது பார்த்தீர்கள்’ என்பது வேறு, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்’ என்பது வேறு. இந்த வித்தியாசத்தில் ஒருவருடைய சிகிச்சையே கைதவறிப் போகலாம்.

ஒருவர் இரவு 10 மணிக்குத் தூங்கப் போகிறார். காலை 6 மணிக்கு எழுப்பினால் இடது கை கால் வரவில்லை. 6 மணி என்று சொன்னால் தவறு, அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். கணக்குப்படி இரவு 10 மணி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்; அப்படியென்றால் 8 மணி நேரம் ஓடிவிட்டது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது: இரண்டரை மணிக்குத் தானாக எழுந்து கழிவறை போய்த் திரும்பி வந்தார், “ஃபேனைக் குறை” என்று தெளிவாகப் பேசினார். இப்போது கடிகாரம் 2.30-லிருந்து தொடங்குகிறது. 7 மணிவரை நேரம் இருக்கிறது. இந்த ஒரு நினைவால் கதவு திறக்கிறது. ஆகவே கடைசியாகப் பேசியது, கைப்பேசியில் கடைசியாக அனுப்பிய செய்தி, கடைசியாக அழைத்தவர் என்று எல்லாவற்றையும் தேடி, நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். பதற்றத்தில் மனக்கணக்கு நிற்காது.

நேரம் தெரியவே இல்லை என்றாலும், தூக்கத்தில் வந்தது என்றாலும் இனிப் பயனில்லை என்று நினைக்காதீர்கள். திசு எவ்வளவு மீதி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. மூலமும் ரத்த ஓட்ட ஸ்கேன் மூலமும் பார்த்து முடிவெடுக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. அதே அவசரத்தோடுதான் போக வேண்டும்.

அழைத்தபின், ஆம்புலன்ஸ் வரும்வரை

அவசர எண்ணில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “பக்கவாதம் என்று சந்தேகிக்கிறோம், வலது கை விழுகிறது, பேச்சு குழறுகிறது, 7.40-க்குத் தொடங்கியது.” ‘மயக்கம்’, ‘முடியலை’ என்று பொதுவாகச் சொன்னால் முன்னுரிமை கிடைக்காமல் போகலாம். பக்கவாதம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் கிடைக்கும் இடத்தில் அதுவே நல்லது. வழியிலேயே மருத்துவமனைக்குச் செய்தி போய்விடும், ஸ்கேன் அறை காத்திருக்கும். வெகுநேரமாகும் என்றால் காரில் கொண்டுபோங்கள், ஆனால் போகும்போதே மருத்துவமனையை அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இந்த நேரத்தில் இருக்கின்றனவா? இரண்டும் இல்லாத பக்கத்து கிளினிக்கில் முதலுதவிக்கு நிறுத்துவதால் பெரும்பாலும் நேரம்தான் போகும்.

காத்திருக்கும்போது படுக்க வையுங்கள். நினைவு மங்கலாக இருந்தாலோ, வாந்தி வந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தசை பிடிமானம் போன தோள்மூட்டு எளிதில் நழுவும், அந்த வலி பின்னால் மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்குங்கள். மூச்சு நின்றால் நெஞ்சழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள்.

வாய் வழியாக எதுவும் தர வேண்டாம். ஒரு மடக்குத் தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும், இருமல்கூட வராமல் போகலாம். இரண்டு நாள் கழித்து நிமோனியாவாக அது தலைகாட்டும். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று கருவியில் தெரிந்தாலும், விழுங்குவாரா என்று சந்தேகம் இருக்கும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆஸ்பிரின் வேண்டாம். மாரடைப்பில் அது உயிர் காக்கும் என்று கேட்டவர்கள் நல்ல எண்ணத்தோடு இங்கேயும் கொடுக்கிறார்கள். கசிவு என்றால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும், கசிவா அடைப்பா என்று வீட்டில் தெரியாது.

ரத்த அழுத்த மாத்திரையும் வேண்டாம். கருவி 190, 200 என்று காட்டினால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அடைபட்ட குழாயைத் தாண்டி அந்த வளையத்துக்கு ரத்தத்தைத் தள்ள உடல் தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்வது உண்டு. வீட்டில் திடீரென்று அதை இறக்கிவிட்டால் சொட்டிக்கொண்டிருந்த ரத்தமும் நின்றுபோகும். கட்டி கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு மருத்துவமனையிலேயே பல நேரங்களில் 220/120 வரை பொறுத்திருப்பார்கள். ஊசி போடுவதற்கு முன்தான் 185/110-க்குக் கீழே, அதுவும் கண்காணிப்போடு, கொண்டுவருவார்கள்.

விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் விட்டால் பக்கவாதம் திரும்பிவிடும் என்றொரு செய்தி கைப்பேசிகளில் பல வருடமாகச் சுற்றுகிறது. அதில் துளியும் உண்மை இல்லை. குத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும், பழைய ரிப்போர்ட்கள், நேரம் எழுதிய காகிதம், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தவர் அல்லது அவருடைய கைப்பேசி எண். வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டபிகாட்ரன் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர் என்றால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதை முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்பதை அது மாற்றும். சமீபத்திய அறுவைசிகிச்சை, வயிற்றில் ரத்தக்கசிவு, தலையில் அடி ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில்

முதல் வேலை சி.டி. ஸ்கேன். ரத்தம் கசிந்திருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படியில்லை. முதல் சில மணி நேரத்தில் ஸ்கேன் இயல்பாகவே இருக்கலாம். “ஸ்கேன் நார்மல்தான், பிறகு எதுக்கு ஊசி?” என்று உறவினர்கள் தயங்குவது இங்கேதான். கை விழுந்திருக்கிறது, கசிவு இல்லை என்பதுதான் ஊசி போடலாம் என்பதற்கான ஆதாரமே.

கட்டி கரைக்கும் அல்டிப்ளேஸ் என்ற மருந்து 1995-இல் வந்த ஆய்வு முடிவுகளுக்குப் பிறகு 3 மணி நேரத்துக்குள் தரப்பட்டது; 2008-இல் அந்த எல்லை நாலரை மணி நேரம்வரை நீண்டது. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில் ஏறும். டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்து ஒரே ஊசியாகப் போகிறது: கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25 மி.கி. எடையைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் மருத்துவருக்கு உதவி. நாலரை மணி நேரம் இருக்கிறது என்பதற்காக நிதானமாகப் போகலாம் என்று பொருளில்லை, ஒவ்வொரு கால்மணிக்கும் பலன் தேய்கிறது. மருத்துவமனை வாசலில் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏற வேண்டும் என்பதே மருத்துவக் குழுக்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

ஆபத்து இருக்கிறது. அந்த 1995 ஆய்வில் ஊசி பெற்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 6 பேருக்கு மூளையில் கசிவு வந்து நிலை மோசமானது. அதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், மூன்று மாதத்தில் பெரிய ஊனமில்லாமல் இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களிலேயே அதிகம். சம்மதம் கேட்கும்போது இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். “இன்னும் நாலு பேரைக் கேட்டுட்டு சொல்றோம்” என்று அரை மணி நேரம் போக விடாதீர்கள்.

பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுப்பார்கள். த்ராம்பெக்டமி என்று பெயர். 2015-இல் வந்த ஆய்வுகள் இதை 6 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தின, 2018-இல் தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம்வரை பலன் உண்டு என்று நிரூபணமானது. இது எல்லா மருத்துவமனைகளிலும் இருக்காது. வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னால் உடனே கிளம்புங்கள்.

தானாகச் சரியாகிவிட்டால்

கை விழுந்தது, பேச்சு குழறியது, பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. குட்டிப் பக்கவாதம் என்று சொல்வது இதைத்தான். கட்டி சிக்கித் தானாகக் கரைந்திருக்கிறது. ஆனால் கட்டி வந்த இடம் அப்படியே இருக்கிறது. இப்படி வந்தவர்களில் 10 பேரில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வரலாம் என்று பழைய ஆய்வுகள் காட்டின. அதில் ஏறத்தாழ பாதி முதல் இரண்டு நாளிலேயே வந்தது. உடனே சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

அதனால் சரியாகிவிட்ட நிலையிலும் அன்றைக்கே போக வேண்டும், அடுத்த வாரம் அல்ல. மூளை ஸ்கேன், கழுத்துத் தமனி ஸ்கேன், இ.சி.ஜி. மூன்றும் தேவைப்படும். கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டியிருக்கும். எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தப் பக்கம், பேச்சு எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் அது நடக்கும்போதே கைப்பேசியில் இருபது நொடி படம் எடுங்கள். மருத்துவர் முன் உட்காரும்போது எல்லாம் சரியாகியிருக்கும், அந்தப் படம் பேசும்.

வராமல் இருக்க: அளப்பதில் தொடங்குகிறது

பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அதைத் தவறாக அளப்பவர்கள் ஏராளம். கையைத் தொங்கவிட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும், பருத்த கையில் சிறிய பட்டை கட்டினாலும் அப்படியே. சரியான முறை: அரை மணி நேரத்துக்கு முன் காபியும் புகையும் இல்லை, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் பதித்து 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு தடவை, இப்படி 7 நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரி பாருங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

“பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு” என்று மாத்திரையை நிறுத்துவதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

அடுத்தது நாடி. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 நொடி பாருங்கள். தாளம் தப்பி, எப்போது அடுத்த துடிப்பு என்று சொல்ல முடியாதபடி கன்னாபின்னாவென்று அடித்தால் இ.சி.ஜி. எடுங்கள். ஆட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தைச் சுமார் 5 மடங்கு ஆக்குகிறது. பலருக்கு வேறு தொல்லையே இருக்காது. இதற்கு ஆஸ்பிரின் போதாது. ரத்தம் உறையாமைக்கான மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு அது ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, புகை, அதிகக் குடி, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை அடுத்தடுத்து வருபவை. புகையை எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு.

இன்றைக்கே செய்து வைக்க

ஒரு காகிதத்தில் அவசர எண், இரவிலும் சி.டி. ஸ்கேனும் ஊசியும் உள்ள மருத்துவமனையின் பெயர், த்ராம்பெக்டமி செய்யும் இடம், ஒவ்வொருவரின் மாத்திரைப் பெயர், உடல் எடை, ஒவ்வாமை எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். மருத்துவமனை விவரத்தைப் போன் செய்து கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

பிறகு, எல்லோரும் நலமாக இருக்கும்போதே ஒருவருக்கொருவர் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்து பாருங்கள். சிலருக்குச் சிரிப்பு பிறவியிலேயே லேசாக ஒரு பக்கம் ஏறும். சிலருக்குப் பழைய எலும்பு முறிவால் ஒரு கை முழுக்க நீளாது. யாருக்கு எது இயல்பு என்று இன்றைக்கே தெரிந்திருந்தால் அன்றைக்குக் குழப்பம் வராது. பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வரும் நாளில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவும்.